உட்கார இடமில்லாத கடை

2013ஆம் ஆண்டு இலண்டனில் படித்துக்கொண்டிருந்த என் தமக்கை மகன் எழுதிய மடலொன்று, எங்கள் கரமனை வீட்டில் பெருஞ்சிரிப்பையும், அதனை அடுத்துச் சிறிது மௌனத்தையும் உண்டாக்கியது. அவன் தங்கியிருந்த தென்கிழக்கு இலண்டனில், மாட்டிங்காம் என்னும் பகுதியில், ஒரு மதுச்சாலையை மூடிவிட்டார்களாம். 'பப்' என்று ஆங்கிலேயர் வழங்கும் அத்தகைய சாலைகள் அந்நாட்டில் ஊர்தோறும் உண்டு. மூடப்பட்டதன் பெயர் 'போர்க்குப்பைன்'. தமிழில் சொன்னால் முள்ளம்பன்றி. பதினேழாம் நூற்றாண்டு முதல் அவ்விடத்தில் ஏதேனும் ஒரு மதுச்சாலை இருந்துவந்ததாகச் சொல்கிறார்கள். லிடில் என்னும் ஜெர்மானியப் பல்பொருள் அங்காடி நிறுவனம் அதனை விலைக்கு வாங்கி, இடித்துவிட்டுக் கடை கட்ட முனைந்தது. ஊரார் கூடாதென்று கிளர்ந்தெழுந்தனர்.

"நானும் கையெழுத்துப் போட்டேன் மாமா. உள்ளே ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் அந்த முக்கு என்னமோ போல ஆகிவிடும் என்று தோன்றியது" என்று எழுதியிருந்தான்.

இதை நான் உரக்கப் படித்தபோது வீட்டிலிருந்த அனைவரும் சிரித்தோம். என் அன்னையார் மட்டும் சிரிக்கவில்லை. முறத்தில் இருந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு, "சாராயக்கடைய மூடப்பிடாதுண்ணு ஆளுவ எழுதிக் குடுக்காவளா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"பொம்பளையளுமா?"

"அவங்களுந்தான்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை மேலே கொண்டு செல்ல இயலாது.

என் தந்தையார் 1960களில் கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரம் வந்தவர். சாலைக் கம்போளத்தில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். தர்மராஜாவின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த அக்கடைத்தெரு, இங்கு குடியேறிய நம்மவர் பலருக்குச் சோறிட்ட தெரு. ஆ. மாதவன் அங்கேயே கடை வைத்திருந்து, அத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கினார் என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2021 ஜனவரி 5ஆம் நாள் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது, அவருடைய கதை மாந்தருள் ஒருவராக என் தந்தையும் எங்கேனும் ஒரு மூலையில் நின்றிருக்கக் கூடுமோ என்று எண்ணினேன்.

கடை சாத்திய பின் தந்தையார் நேரே வீடு வருவதில்லை. வழியில் ஒரு சாராயக்கடை இருந்தது. மாதக் கடைசி நெருங்க நெருங்க, அன்னையார் என்னை அங்கே அனுப்புவார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிட வேண்டும். இதுவே எனக்கு இடப்பட்ட கட்டளை. ஒரு நாள் அவ்வாறு நின்றபோது உள்ளிருந்து ஒரு சிரிப்பொலி கேட்டது. வயிறு குலுங்கும் சிரிப்பு. யாரோ ஒருவர் மிக மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். சிரித்தவர் என் தந்தை. அவர் அவ்வாறு சிரித்து வீட்டில் நான் கேட்டதே இல்லை. கூப்பிடாமலே திரும்பி வந்து, அப்பா அங்கே இல்லை என்று பொய் சொன்னேன். அன்னையார் அதை நம்பினாரா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது.

1996 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. ஏ. கே. ஆண்டனி அப்போது முதலமைச்சர். அது முட்டாள்கள் தினமும் ஆகையால், ஏதோ விளையாட்டென்று கூறித் தந்தையார் அன்று மாலையும் அவ்வழியே சென்று பார்த்துவிட்டு வந்தார். அன்னையார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அயல்நாட்டு வகை மது விற்கும் பார்களுக்குச் செல்லக் கணக்கெழுதுபவரின் ஊதியம் போதாது. முற்றிலும் விட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். ஓணத்தையும் தீபாவளியையும் ஒட்டி இரண்டொரு நாள் வழுக்கியதுண்டு. ஆனால் அவருடைய மாலைகள் இடம் மாறின. எங்கள் தெருமுனையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்திவந்த காப்பிக் கடைக்கு, அவரும் பழைய கூட்டாளிகள் மூவரும் வரத் தொடங்கினர். அங்கே நான்கு மேசைகளும் சுவரோரமாக நீளமான ஒரு பலாமரப் பெஞ்சும் இருந்தன. பெஞ்சு இவர்களுடையதாயிற்று. ஒரே நாளிதழை நான்கு தாளாகப் பிரித்து நால்வரும் படிப்பர். பிறகு மிளகு விலை, புளி விலை, சிவாஜியா பிரேம் நஸீரா, 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததால் யாருக்கு என்ன லாபம் என்று தமிழும் மலையாளமும் கலந்து வாதிடுவர். ஒரு காப்பிக்கு ஒன்றரை மணி நேரம். அந்தப் பழைய சிரிப்பு இப்போது காப்பிக் கடையிலிருந்து கேட்டது. நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே அது காதில் விழும்.

குடி நின்றது; ஆயினும் அவர் வீட்டில் இருந்தாரில்லை. அன்னையாரின் மனக்குறை பாதிதான் தீர்ந்தது.

நம் நாட்டில் மதுக்கடைக்கு எதிராகத்தான் ஊர் கூடும். நெடுஞ்சாலைகளிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கலாகாது என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2017 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, கேரளத்தில் கடைகள் குடியிருப்புகளை நோக்கி நகர்ந்தன. நகர்ந்த இடங்களிலெல்லாம் பெண்கள் பந்தலிட்டு வழிமறித்து அமர்ந்தனர். வடக்குப் பறவூரில் ஒரு பார் உரிமையாளர், இருந்த இடத்திலேயே கடையை வைத்துக்கொண்டு வாசலுக்கு முன் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை ஒன்றைக் கட்டித் தூரத்தைக் கூட்டிக் காட்டியதும் அப்போதுதான். கோப்புகளோடு காலந்தள்ளும் என் போன்றோருக்கு அம்மனிதரிடம் ஒரு மறைவான மரியாதை தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மதுச்சாலை போகக் கூடாதென்று மனுக் கொடுப்பவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

மறு ஆண்டே புரிந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டியது. 2014இல் எங்கள் தெருமுனைக் காப்பிக் கடை மூடப்படும் என்றும், அண்டைக் கட்டடத்தையும் சேர்த்து அங்கே ஒரு பல்பொருள் அங்காடி வரும் என்றும் தெரிந்தது. தந்தையாருக்கு அப்போது எழுபது கடந்திருந்தது, வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். மருமகனின் மடல் நினைவுக்கு வரவே, நானும் ஒரு மனு எழுதினேன். அலுவலகத்தில் கற்ற கலை வீண்போகவில்லை. மூன்று பத்தியில், உரிய பணிவோடு, நல்ல மலையாளத்தில் அமைந்தது. நூற்றிருபது பேர் கையொப்பமிட்டனர்.

கையொப்பமிடாதவர் இருவர் என் வீட்டிலேயே இருந்தனர். "அந்தக் கடைக்குள்ளே நான் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கேனா? பார்சல்தானே வாங்கியிருக்கேன்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது உண்மை. பெண்கள் அமரக் கூடாதென்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் எவரும் அமர்ந்ததில்லை. அன்னையாரிடம் தாளை நீட்டினேன். "போய் இருக்கதுக்கு எனக்கு எந்தக் காலத்திலே மக்கா ஒரு இடம் இருந்தது? கோயில் உண்டு. அங்கேயும் நடை சாத்தினா எந்திரிக்கணும்" என்று கூறித் தாளைத் திருப்பித் தந்தார்.

மாநகராட்சி உறுப்பினர் மனுவை வாங்கிப் படித்தார். ஒரு வணிகம் போய் இன்னொரு வணிகம் வருகிறது, இதில் நான் எதைத் தடுப்பது என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிறகு காப்பிக் கடைக்காரரிடமே சென்றேன். மனுவில் உள்ள பெயர்களை அவர் கண்ணாடி அணிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு பெயரையும் விடவில்லை.

"தம்பி, நூற்றிருபது பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். இந்த நூற்றிருபது பேரும் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து தோசை தின்னிருந்தா, நான் ஏன் கடையை விடப்போறேன்? உங்கப்பாவும் கூட்டாளிகளும் வாறாங்க. நாலு காப்பி. அதை வச்சு வாடகை குடுக்க முடியுமா? என் பிள்ளைகள் ரெண்டும் வெளிநாட்டில. இந்த அடுப்படியில வேக அவங்க வரமாட்டாங்க. வரச்சொல்லவும் எனக்கு மனசில்ல."

அந்தத் தாளில் முதற் கையொப்பம் என்னுடையது. கடைசியாக அங்கே அமர்ந்து நான் எப்போது தோசை உண்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். அலுவலகத்தில் கேண்டீன் இருக்கிறது. நினைவுக்கு வரவில்லை. மாட்டிங்காமில் ஒரு நாளும் உள்ளே போகாமல் கையொப்பமிட்ட என் மருமகனைக் கண்டு சிரித்தவன் நான்.

அக்காலத்தில் இவை பற்றிச் சற்று ஊன்றிப் படித்தேன். இங்கிலாந்தின் சட்டம் ஒரு விந்தையைச் செய்து வைத்திருந்தது. மதுச்சாலையின் பயன்பாட்டைக் கடையாக மாற்ற, உள்ளாட்சியின் திட்ட அனுமதி அப்போது தேவையில்லை. கோப்பு நகராமலே காரியம் முடியும். மக்கள் இயக்கங்கள் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 2017 மே 23 முதல் அச்சலுகை நீக்கப்பட்டது. முள்ளம்பன்றியை இடித்துப் புதிதாகக் கட்ட எண்ணியமையால், லிடில் நிறுவனம் முன்னதாகவே அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. பிராம்லி மாமன்றம் மறுத்தது. 2011இல் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டம் ஒன்று, ஊரார் தாம் மதிக்கும் ஓர் இடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து எனப் பதிவு செய்து வைக்க வழி தந்திருந்தது. அவ்விடம் விற்பனைக்கு வந்தால், வாங்குவதற்குப் பணம் திரட்ட ஊராருக்குக் காலக்கெடு கிடைக்கும்.

இலண்டனின் நன்ஹெட் பகுதியில் உள்ள ஐவி ஹவுஸ் என்னும் மதுச்சாலை 2012இல் மூடப்பட்டபோது, அவ்வட்டாரத்தார் இவ்வழியைத்தான் கைக்கொண்டனர். 371 பேர் பங்குப் பணம் போட்டுச் சேர்ந்து, 2013இல் அதனைக் கூட்டுறவுச் சாலையாகத் திறந்தனர். மனுவில் நூற்றிருபது பெயரைப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்த எனக்கு இந்த 371 பெயரைப் படித்தபோது வெட்கமாயிருந்தது. அவர்கள் பெயரோடு பணத்தையும் எழுதினர்.

அயல்நாடு வரை போக வேண்டியதில்லை. காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி ஹவுஸ்களை 1950களில் மூட முற்பட்டபோது, வேலை இழக்கவிருந்த தொழிலாளரே ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றை ஏற்று நடத்தினர். புதுதில்லியில் 1957 அக்டோபரிலும், நம் கேரளத்தில் திருச்சூரில் 1958 மார்ச்சிலும் இந்தியன் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. கல்கத்தாவில் கல்லூரித் தெருக் காப்பி ஹவுஸ் 1958இல் மூடப்பட்டபோது பேராசிரியர்கள் அரசிடம் மனுச் செய்து திறக்க வைத்தனர் என்பர். பேராசிரியர் மனுவுக்கும் கிளார்க் மனுவுக்கும் வேறுபாடு இருக்கத்தானே செய்யும்!

தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் வடிவமைத்த காப்பி ஹவுஸை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். செங்கல் நிறத்தில் உருளையாக நிற்கும் அக்கட்டடத்தில் தளம் என்று தனியாக ஒன்றில்லை. சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. மனு தோற்ற வாரத்தில் ஒரு நாள் அங்கே தனியாகச் சென்று அமர்ந்தேன். எதிரே ஒரு தாயும் மகளும், பேருந்துக்கு நேரம் இருக்கிறது போலும், கட்லெட்டைப் பங்கிட்டு உண்டுகொண்டிருந்தனர். அவர்களை யாரும் பார்க்கவில்லை, எழுந்திருக்கச் சொல்லவுமில்லை. இந்தக் கட்டடத்தை எவராலும் அங்காடி ஆக்க முடியாதென்று அப்போது தோன்றியது. சரிந்த தளத்தில் அலமாரி நிற்காது. இருக்கைகளைப் பெயர்த்தால் சுவரும் கூடவே வரும்.

எங்கள் தெருமுனையில் அங்காடி திறந்தது. நியாயமாகவே எழுத வேண்டும்: என் வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அது பிடித்துப்போயிற்று. விலை அச்சிட்டிருக்கிறது. பொருளை எடுத்துப் பார்த்து, வேண்டாமென்றால் வைத்துவிடலாம். பலசரக்குக் கடையில் ஆண்கள் கூட்டத்திற்குப் பின்னால் நின்று கையை உயர்த்தி உயர்த்திக் கேட்க வேண்டியதில்லை. பற்றுப் புத்தகத்தை நீட்டும்போது கடைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டிய கூச்சமும் இல்லை. 'மார்ஜின் ஃப்ரீ' கடைகள் 1990களில் இந்நகரில் பரவியபோதே அன்னையார் இந்தச் சுதந்திரத்தைக் கண்டுகொண்டவர்.

தந்தையாரும் தினந்தோறும் அங்கே சென்றார். மாலை ஐந்தரைக்குக் கையில் துணிப்பையோடு புறப்படுவார். ஒரு தீப்பெட்டியோ ஒரு சோப்போ வாங்குவார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். புளிப் பொட்டலத்தை எடுத்து விரலால் அழுத்துவார். பெருங்காயத்தை உறையோடு முகர்வார். "எடை போட்டதை யாரு பாத்தா?" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். நாற்பது ஆண்டு மூட்டைகளுக்கு நடுவே இருந்தவர் அல்லவா! ஒரு நாள் கால் கடுத்து, அரிசி மூட்டைகளின் மீது சற்று அமர்ந்திருக்கிறார். அங்கிருந்த காவலாள், சிறு பையன், "அப்பாவா, இவிடெ இரிக்கான் பற்றில்ல" என்று மரியாதையாகத்தான் சொன்னானாம். அதன்பின் அவர் போகவில்லை. முன்னறையில் நாற்காலியில் அமர்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் அவரவர் வீட்டில் அவ்வாறே இருந்திருப்பர்.

பத்து நாள் பொறுத்தார் என் அன்னையார். பதினோராம் நாள் என்னை அழைத்து, "அந்தக் கடைக்காரரு சாமானெல்லாம் வித்துட்டாரா?" என்று கேட்டார். விசாரித்தேன். மேசைகள் போய்விட்டன, பெஞ்சு மட்டும் அவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. விலை கேட்டதற்கு அவர் சினந்துகொண்டார். இருவராகத் தூக்கி வந்து, அன்னையார் காட்டிய இடத்தில், எங்கள் முற்றத்துக் கொய்யா மரத்தடியில் போட்டோம்.

முதல் நாள் ஒருவர் வந்தார். அந்த வாரத்திற்குள் நால்வரும் சேர்ந்துவிட்டனர். தன் வாழ்நாளில் பாதியை எவரைச் சபித்துக் கழித்தாரோ, அந்த மூவருக்கும் அன்னையார் காப்பி கொடுத்தனுப்பினார். தாமே கொண்டுபோகவில்லை, பேரப்பிள்ளையிடம் கொடுத்தார். சில நாள் கழித்து, அலுவலகம் விட்டு வந்து படலைத் திறக்கப் போன நான் நின்றுவிட்டேன். உள்ளே அந்தச் சிரிப்புக் கேட்டது. எட்டு வயதுப் பிள்ளை போல வெளியிலேயே நின்றேன். வாசற்படிக்கு உள்ளே, கதவு மறைவில், கையில் தம்ளரோடு அன்னையார் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

தந்தையார் 2018இல் காலமானார். கூட்டாளிகளுள் ஒருவர்தாம் இன்று இருக்கிறார், அவருக்கு நடமாட்டமில்லை. பெஞ்சு மரத்தடியிலேயே கிடக்கிறது. பள்ளிக்கூட வேன் வரும் வரை அண்டை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் அதில் அமர்ந்திருக்கிறார்கள். வேன் போன பிறகும் சிறிது நேரம் இருக்கிறார்கள். என் அன்னையாருக்கு ஓரமாக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு கால் ஆடுகிறது என்று மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.